எக்கி நின்றால் உயரம் கூடுமா?

டிக்கெட் முகப்பில் ஒரு கூத்து நடக்கும். ரோலர் கோஸ்டர் வாசலில் அதற்கு நேர்மாறான கூத்து நடக்கும். உயரத்தை வைத்துக் கட்டணம் வாங்கும் பூங்காக்களில், முகப்பை நெருங்கும்போதே "முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கடா" என்று பிள்ளையின் காதில் ஓதிவிடுகிறார்கள். சிறுவர் கட்டணத்தில் உள்ளே நுழைந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அதே பிள்ளையிடம் அதே வாய், "எக்கி நில்லு, நல்லா எக்கி நில்லு" என்கிறது. அளவுப் பலகையின் அருகில் நிற்கும் பணியாளர் "தக் போலே, காக்" என்று கையை விரிக்கிறார். "ரெண்டு சென்டிதானே, விடுங்க தம்பி, சித்தியவான்லேருந்து வர்றோம்" என்று பேரம் தொடங்குகிறது. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. பிள்ளை அழத் தயாராகிறது.

சித்தியவானிலிருந்து என்பதில் நியாயமான ஒரு ஆதங்கம் இருக்கத்தான் செய்கிறது. சித்தியவான் இருக்கும் மஞ்சோங் மாவட்டத்தில் கடற்கரை உண்டு, பங்கோர் தீவு உண்டு; பெரிய கேளிக்கைப் பூங்கா இல்லை. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, தோட்டத்துக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட இந்தத் தலைமுறையில், பள்ளி விடுமுறை என்றாலே பிள்ளைகள் தீம் பார்க் என்கிறார்கள். அதற்கு ஈப்போ பக்கம் தம்புனில் 2004-இல் திறக்கப்பட்ட லாஸ்ட் வோர்ல்டுக்குப் போக வேண்டும். இன்னும் செலவழிக்க முடிந்தால் சன்வே லகூன், கெந்திங். ஈப்போவிலேயே 2017-இல் ஆரவாரமாகத் திறந்த மேப்ஸ் பூங்கா மூன்றாண்டுகூட முழுதாக ஓடாமல் 2020 ஜனவரியில் மூடப்பட்டது. பெட்ரோல், டோல், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குச் சில நூறு ரிங்கிட் ஆகிறது. இவ்வளவும் செலவழித்த பிறகு இரண்டு சென்டிமீட்டரில் திருப்பி அனுப்பினால் யாருக்கும் கோபம் வரும்.

ஆனால் அந்தக் கோடு பணியாளரின் பிடிவாதம் இல்லை. அது இருக்கையின் அளவு.

கம்பி எங்கே உட்காருகிறது?

வேகமாகச் சுழலும், விழும், திரும்பும் எந்தச் சாதனமும் ஏறியிருப்பவரை வெளியே தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலைத் தாங்குவது மடியின் மேல் இறங்கும் கம்பியோ, தோள் கவசமோ, இடுப்பு வாரோதான். மடிக்கம்பி தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் அழுந்தி உட்கார்ந்தால்தான் பிடிக்கும். குட்டைப் பிள்ளைக்கு அது வயிற்றில் உட்காரும். அல்லது எங்கும் உட்காராமல் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியில் பிள்ளை கீழாக வழுக்கி நழுவலாம். கால் தரையில் ஊன்றாததால் தன்னைத் தானே பின்னுக்குத் தள்ளிக்கொள்ளவும் முடியாது.

பிள்ளையின் உடலமைப்பும் வேறு. பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. வளர்ந்தவருக்கு ஏழில் ஒன்றோ எட்டில் ஒன்றோதான். பெரிய தலை, இன்னும் பலப்படாத கழுத்து, மேலே ஏறியிருக்கும் எடை மையம் எல்லாம் சேர்ந்து, திடீர் உலுக்கலில் பெரியவரைவிடப் பிள்ளையை எளிதாகக் கவிழ்த்துவிடும். காரில் குழந்தை இருக்கையை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியதும் இதே காரணத்துக்காகத்தான். பெரியவருக்குத் தைத்த வார் சிறியவரைப் பிடிக்காது.

ஒரே கம்பி இரண்டு பேருக்கும் சேர்ந்து இறங்கும் இருக்கையில் ஆபத்து கூடுதல். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது கம்பி அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். மகளின் மடிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் வெளி. "நான் பிடிச்சுக்கிறேன்" என்று அப்பா சொல்வது அன்பு. அந்த வேகத்தில் ஒரு கை அந்த வேலையைச் செய்யாது.

தண்ணீர்ச் சறுக்கில் கணக்கு வேறு. அங்கே எடை குறைந்தவர் வளைவில் தூக்கி வீசப்படலாம், அல்லது நடுவழியில் நின்று பின்னால் வருபவரிடம் இடிபடலாம். கீழே விழும் குளத்தில் தலை தண்ணீருக்கு மேல் நிற்கும் அளவாவது உயரம் வேண்டும்.

கோட்டைத் தாண்டியும் நடந்தவை

அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 51 மீட்டர் உயரத்தில் ஒரு தண்ணீர்ச் சறுக்கு இருந்தது. பெயர் ஃபெரூக்ட். மூன்று பேர் ரப்பர்ப் படகில் அமர்ந்து இறங்க வேண்டும். தொடக்கத்தில் 14 வயது நிரம்ப வேண்டும் என்ற விதி வைத்திருந்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, சுமார் 137 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும் என்றார்கள். 2016 ஆகஸ்ட் 7-ஆம் தேதி 10 வயதுச் சிறுவன் ஒருவன் முன் இருக்கையில் அமர, பின்னால் இரண்டு பெண்கள் அமர்ந்தனர். மூவரின் மொத்த எடை அனுமதித்த வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் எடையின் பெரும்பகுதி பின்பக்கம். படகு மேட்டில் எகிறி, மேலே இருந்த வளையத்தில் மோதியது. சிறுவன் உயிரிழந்தான். மறு ஆண்டே கன்சாஸ் மாநிலம் சோதனைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 2018-இல் அந்தச் சறுக்கு இடித்துத் தள்ளப்பட்டது.

2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவின் ஓர்லாண்டோவில் நடந்தது இதற்கு மறுபக்கம். 14 வயதுப் பையன், வளர்ந்த ஆணைப் போன்ற உடல்வாகு. அந்த வீழ்கோபுரத்துக்குத் தயாரிப்பாளர் விதித்த உச்ச எடை 130 கிலோ. அவன் அதற்கு மேல். அவன் அமர்ந்த இருக்கையின் சென்சார், தோள் கவசத்துக்கும் இருக்கைக்கும் இடையே வழக்கத்தைவிட அதிக இடைவெளியை ஏற்றுக்கொள்ளும்படி மாற்றி வைக்கப்பட்டிருந்தது. கவசம் பூட்டிவிட்டதாக இயந்திரம் நம்பியது. கீழே இறங்கும்போது பிரேக் பிடித்த வேகத்தில் அவன் நழுவி விழுந்தான். குறைந்தபட்ச அளவு மாதிரியே அதிகபட்ச அளவும் உண்டு. அதைக் கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு.

2021 செப்டம்பரில் கொலராடோவில் ஒரு சாதனத்திலிருந்து விழுந்து இறந்த 6 வயதுச் சிறுமி, உயரத்தால் எந்தச் சிக்கலும் இல்லாமல்தான் அதில் ஏறினாள். வாரை மாட்டாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் எச்சரிக்கை காட்டியது. பணியாளர்கள் அதற்குக் காரணம் தேடாமல் மீண்டும் இயக்கிவிட்டார்கள் என்று மாநில அரசின் விசாரணை அறிக்கை சொன்னது.

சென்னையில் 2016 மே மாதம் கிஷ்கிந்தா பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் விபத்துக்குள்ளாகி ஓர் ஊழியர் இறந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினம் முறிந்து இருவர் இறந்தார்கள். 2025 மே மாதம் சென்னை விஜிபி பூங்காவில் ராட்டினம் உயரத்திலேயே நின்றுபோக, முப்பதுக்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறை பல மணி நேரம் போராடி இறக்கியது. இவற்றில் உயரக் கோட்டுக்கு வேலையே இல்லை, பராமரிப்புதான் கேள்வி. ஆக, பிள்ளை கோட்டைத் தொட்டுவிட்டான் என்பது ஒரு நிபந்தனை நிறைவேறியது என்று மட்டுமே பொருள்.

வீட்டிலேயே அளந்துவிடலாம்

உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சிக் கணக்குப்படி 5 வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் சுமார் 110 சென்டிமீட்டர். 7 வயதில் 121. 10 வயதில் 138. ஆக 120 கேட்கும் சாதனத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஏற முடியாது. அது பிள்ளையின் குறையும் இல்லை, சாப்பாட்டின் குறையும் இல்லை.

புறப்படுவதற்கு முதல் நாள், காலணி இல்லாமல், குதிகால் சுவரில் பட நிற்க வைத்து அளந்து, பூங்காவின் இணையப் பக்கத்தில் எந்தெந்தச் சாதனத்துக்கு என்ன அளவு என்று பார்த்துவிட்டால் வரிசையில் அழுகை மிச்சம். தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி, தூக்கிக் கட்டிய கொண்டை, காலணிக்குள் திணித்த துணி எல்லாம் பலகையை ஏமாற்றும், கம்பியை ஏமாற்றாது. வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளையிடம் இன்னொரு கேள்வியும் உண்டு: ஓடும்போது எழுந்து நிற்காமல், கையை வெளியே நீட்டாமல் இருப்பானா? அளவுப் பலகை அதைச் சொல்லாது.

பெருநாள் சமயத்திலும் பள்ளி விடுமுறையிலும் சிற்றூர்த் திடல்களில் முளைக்கும் பன்ஃபேர்களில் கூடுதல் கவனம் வேண்டும். கழற்றி, லாரியில் ஏற்றி, வேறு ஊரில் மீண்டும் பூட்டிய சாதனங்கள் அவை. உயரப் பலகையே இல்லாத ராட்டினம், கயிற்றால் கட்டிய பூட்டு, காசையும் வாங்கிக்கொண்டு இயந்திரத்தையும் ஓட்டும் ஒரே ஆள்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளையைத் திருப்பி அழைத்து வருவதே நல்லது. கேளிக்கை உரிமம் தருவது உள்ளூர் நிர்வாகம். சித்தியவான் வட்டாரத்துக்கு மஞ்சோங் நகராண்மைக் கழகம். உரிமம் இருக்கிறதா என்று கேட்கவும், ஆபத்தாகத் தெரிவதைப் படம் எடுத்துப் புகார் செய்யவும் யாருக்கும் உரிமை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளிக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 17-ஆவது பிரிவு, முதலாளி தன் தொழிலால் வெளியாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. டிக்கெட் வாங்கி வந்த பிள்ளையும் அந்த வெளியாரில் அடக்கம். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், இந்தக் கடமையை மீறுவோருக்கான அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியிருக்கிறது. புகாரை ஏற்று விசாரிப்பது டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா.

பணம் தொடர்பான குறை வேறு வழி. முகப்பில் "எல்லாவற்றிலும் ஏறலாம்" என்று சொல்லி விற்றுவிட்டு, உள்ளே போனதும் பிள்ளையை எதிலும் ஏற்றவில்லை என்றால், அது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தவறான விவரிப்பு என்று வாதாட இடமுண்டு. 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், சம்பவம் நடந்த மூன்றாண்டுக்குள் போட வேண்டும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணிலும் புகார் சொல்லலாம். உயர விதியை முகப்பிலேயே தெளிவாக எழுதி வைத்திருந்தால் இந்த வாதம் நிற்காது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உடற்காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீடு கேட்கும் வழக்கை நடுவர் மன்றம் எடுக்காது. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும்: 1 லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 10 லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம். பிள்ளையின் சார்பில் பெற்றோரோ பாதுகாவலரோ வழக்குத் தொடுப்பார். உடற்காய வழக்குக்கான காலக்கெடு பொதுவாக ஆறு ஆண்டு. காயமடைந்தவர் சிறார் என்றால் அந்தக் கடிகாரம் 18 வயதில்தான் ஓடத் தொடங்கும். இருந்தாலும் சாட்சியும் ஆவணமும் அதுவரை காத்திருக்காது. வசதி குறைந்தவர்கள் ஈப்போவில் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம்.

"நிர்வாகம் எந்த விபத்துக்கும் பொறுப்பல்ல" என்று டிக்கெட்டின் பின்புறம் அச்சடித்திருப்பதைப் பார்த்தே மனம் தளர்ந்துவிட வேண்டியதில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 24டி பிரிவு, அலட்சியத்துக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனையை நியாயமற்ற நிபந்தனைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. வங்கிக் கடன் வழக்கு ஒன்றில் 2018 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுக்கவே வழியில்லாமல் அடைக்கும் நிபந்தனை 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவின்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே வேளை, பெற்றோர் விதியை மீறினார்கள், பிள்ளையின் உயரத்தைப் பற்றிப் பொய் சொன்னார்கள் என்று தெரிய வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுப்பது அதைத்தான்.

விபத்து நடந்துவிட்டால்

முதல் வேலை சிகிச்சை. அவசர எண் 999. தலையிலோ கழுத்திலோ அடி என்றால் பிள்ளை எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சித்தியவான் பக்கம் என்றால் அரசாங்க மருத்துவமனை ஸ்ரீ மஞ்சோங்கில் இருக்கிறது. மருத்துவரிடம் எந்தச் சாதனத்தில், எப்படி அடிபட்டது என்பதைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

பிறகு ஆதாரம். டிக்கெட், கைப்பட்டை, உயரப் பலகை, இருக்கை, பூட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கலாம். அருகில் இருந்தவர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கலாம். போலீஸ் புகார் அன்றைக்கே. கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அதைப் பாதுகாத்து வைக்கும்படி நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்டு, நகல் வைத்துக்கொள்வது முக்கியம். "ஆஸ்பத்திரி செலவை நாங்க பார்த்துக்கிறோம், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பிள்ளையின் சார்பில் நடக்கும் வழக்கில் செய்யும் சமரசம் நீதிமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் செல்லாது.

தமிழ்ப்பள்ளிகளின் சுற்றுலாவுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று இருக்கிறது. அனுமதிப் படிவத்தில் பெயர், மைகிட் எண், ஒவ்வாமை ஆகியவற்றோடு உயரத்துக்கும் எடைக்கும் இரண்டு கட்டம் சேர்க்கலாம். பணம் வசூலிப்பதற்கு முன்பே, எந்த மாணவர் எதில் ஏறலாம் என்ற பட்டியல் ஆசிரியர் கையில் இருக்கும். ஏற முடியாதவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன ஏற்பாடு, அவர்களோடு யார் நிற்பது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம்.