சாமி மலையேறும் வரை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் பொங்கல் வைத்துச் சாமி கும்பிடும் நாளில் உருமிச் சத்தம் இறுகும். குலவைக்கு நடுவே ஒருத்தி முடி அவிழ்ந்து நிற்பாள். மற்ற நாளில் வாய் திறவாதவள். "என்னைய மறந்துட்டீகளேடா!" என்று ஊர்ப் பெரியவரையே 'டா' போட்டுக் கேட்பாள். அவர் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தப்புத்தான் தாயி, பொறுத்துக்க" என்பார்.

ஆவேசம் என்றால் இதுதான். சமஸ்கிருதத்தில் அச்சொல்லுக்கு 'உள்ளே புகுதல்' என்று பொருள். பேசுகிறவளுக்குள் வேறொன்று புகுந்திருக்கிறது என்று ஊர் நம்புவதால்தான் அவள் பேச்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. வீட்டிலும் இதே சொற்கள்தாம். அப்பா கத்தினால் 'சாமியாடுறாரு'. அடங்கினால், "மலையேறிருச்சா?"

வைவது வேறு. 'வஞ்சுட்டான்' என்று ஒருவர் மனம் நொந்து சொன்னால், பிறப்பையோ உடம்பையோ குடும்பத்தையோ இழுத்து யாரோ பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். வசவு ஆளைக் குத்தும். ஆவேசம் குறையைக் கேட்கும். குரல் இரண்டிலும் ஒரே உயரம்தான். அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

சிலப்பதிகாரம் குழப்பிக்கொள்ளவில்லை. வேட்டுவ வரியில் எயினர் குலச் சாலினி தெய்வமேறி, மறவர்கள் கடன் செலுத்தத் தவறியதை இடித்துரைக்கிறாள். அவர்கள் வழிபாட்டுக்கு எழுகிறார்கள். வழக்குரை காதையில் கண்ணகி ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் முன் நிற்கிறாள். அவள் பேச்சில் சுடாத சொல் இல்லை. ஆனாலும் அது வழக்கு. கையில் சான்று இருக்கிறது. அரசன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு அங்கேயே உயிர் விடுகிறான். துண்டை இடுப்பில் கட்டும் நம் பெரியவர் அந்த மரபில் வந்தவர் என்றே எனக்குத் தோன்றும்.

இன்று மேடையில் எதிராளியின் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசியவருக்கும் 'ஆவேசப் பேச்சு' என்றே பத்திரிகைகளில் தலைப்புப் போடுகிறோம். அது வசவு. அதற்கு இந்தச் சொல்லைக் கொடுப்பது, உண்மையான குறையோடு வருகிறவர்களுக்குச் செய்யும் துரோகம்.

கண்மாய் வறண்ட கோடையில் அதே பெண் காலிக் குடத்தோடு ஓர் அலுவலக வாசலில் நிற்கிறாள். அன்று உருமி இல்லை, வேப்பிலை இல்லை. கேட்பது தண்ணீர். குரல் உயர்ந்ததும் உள்ளிருந்து ஒருவர் சொல்கிறார்: "சத்தம் போடாதம்மா, மனு எழுதிக் குடுத்துட்டுப் போ."