ஐம்பது வெள்ளிக்குக் கார் கருவிகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

மாத இறுதி விற்பனை வந்தால் போதும், கைப்பேசித் திரையில் கார் கருவிகள் வரிசை கட்டி நிற்கின்றன. 46 துண்டுகள் கொண்ட கருவிப்பெட்டி, ‘500 ஆம்பியர்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஜம்பர் கேபிள், கைக்கு அடக்கமான காற்றுப் பம்பு, கண்ணாடியை உடைக்கும் சுத்தியல். ஒவ்வொன்றும் இருபது, முப்பது வெள்ளிதான். ‘அவசரத்துக்கு இருக்கட்டுமே’ என்று மனம் சொல்கிறது. ஆனால் வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு முப்பது வெள்ளி என்பது சில நாள் சாப்பாட்டுக் காசு. வாங்குவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்த என் அறைத்தோழிக்கு இந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. “கைப்பேசி இருந்தால் போதாதா? கூப்பிட்டால் பேட்டரியே வீட்டுக்கு வந்துவிடுமே!” என்றாள். அவள் சொல்வது அவள் ஊருக்குச் சரி. கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று வடக்கே வசிக்கும் நமக்கு அது பாதிதான் சரி.

நம் சாலைகள் எப்படிப்பட்டவை?

நம் வட்டாரத்தில் இரண்டு வகைச் சாலைகள் உள்ளன. ஒன்று, கட்டணம் செலுத்திச் செல்லும் நெடுஞ்சாலை. 2011இல் திறக்கப்பட்ட லத்தார் அந்த வகை. கட்டண நெடுஞ்சாலைகளில் ரோந்து வாகனங்கள் சுற்றி வரும். உதவி எண்ணை அழைத்தால் ஆள் வருவார். அங்கே கார் நின்றால் நாமே கருவியை எடுத்து வேலை செய்ய வேண்டிய தேவை குறைவு. பாதுகாப்புத் தடுப்புக்கு அப்பால் நின்று காத்திருப்பதே நல்லது.

இன்னொன்று, நாம் தினமும் போய்வரும் சாலை. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் வழியாக சபாக் பெர்ணம் செல்லும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலை, சிகிஞ்சான் பக்கத்து வாய்க்கால் ஓரச் சாலைகள், அவற்றிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலைகள். மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக 1917இல் நடப்பட்டது பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். நூறு ஆண்டு கடந்தும் தோட்டச் சாலைகளின் முதல் வேலை, செம்பனைக் குலையை ஆலைக்குக் கொண்டு சேர்ப்பதுதான். லாரிக்கும் டிராக்டருக்கும் போட்ட பாதையில் நம் கன்சிலும் விவாவும் மைவியும் போகின்றன. ஆணியும் கூர்கல்லும் டயரைப் பதம் பார்க்கும். பல இடங்களில் தெருவிளக்கு இல்லை. சில இடங்களில் கைப்பேசி அலையும் இல்லை.

காப்புறுதி இருக்கிறதே என்று கேட்கலாம். முழுமைக் காப்புறுதி எடுத்த பல வண்டிகளுக்கு இழுவை வண்டிச் சேவை கிடைக்கும். பழைய வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. தோட்ட வீடுகளின் முன்னால் நிற்கும் வண்டிகளில் பழையவை எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். அப்பா வேலைக்குப் போவதும், பாட்டி மருத்துவமனைக்குப் போவதும், நாம் வகுப்புக்கும் இரவு நேரப் பகுதிநேர வேலைக்கும் போவதும் அந்த ஒரே வண்டியில்தான்.

ஒரே ஒரு கேள்வி

நான் கணக்கியல் மாணவி. வண்டி பழுதுபார்ப்பு தெரிந்தவர் என் தாய்மாமா. புக்கிட் ரோத்தான் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். கடந்த விடுமுறையில் நான் அங்கே உட்கார்ந்து, மலிவுக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “வேலை நடக்கும்போது இது கைவிட்டா என்ன ஆகும்னு பாரும்மா” என்றார்.

அந்தக் கேள்வியை வைத்தே பொருள்களை மூன்றாகப் பிரித்துவிடலாம். கைவிட்டால் சிறு தொல்லை மட்டும் என்றால் மலிவானதை வாங்கலாம். கைவிட்டால் வேலை நடக்காது என்றால் கொஞ்சம் பார்த்து, தரமறிந்து வாங்க வேண்டும். கைவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றால் மலிவு என்பதற்காக வாங்கவே கூடாது.

மலிவே போதும்

தலையில் மாட்டும் விளக்கு, கையுறை, ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி, ஒரு பலகைத் துண்டு. இவை நான்கும் முதல் வகை. தலைவிளக்கு இருந்தால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். கைப்பேசி விளக்கை எரியவிட்டால், உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் கைப்பேசியில் மின்சக்தி இருக்காது.

பலகைத் துண்டுக்குக் காசே தேவையில்லை. ஆனால் நம் மண்ணுக்கு அது மிக முக்கியம். ராஜா மூசா, தஞ்சோங் காராங் பக்கமெல்லாம் கரிச்சதுப்பு நிலம். மழை பெய்தால் சாலையோரம் மெத்தை மாதிரி அமுங்கும். சிறிய காரின் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மீது ஏறக்குறைய 300 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கியின் அடிப்பகுதி 8க்கு 12 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 3 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். அதன் அடியில் 30க்கு 30 சென்டிமீட்டர் அளவில் கனமான பலகையை வைத்தால், அதே அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு மனிதர் ஒற்றைக் காலில் நிற்கும் அழுத்தம்தான் அது. ஜாக்கி மண்ணுக்குள் புதையாது.

பார்த்து வாங்க வேண்டியவை

முதலில் அந்த 46 துண்டுப் பெட்டி. பார்க்க அழகாக இருக்கும். அதில் வரும் சாக்கெட்டுகள் பொதுவாக 4 முதல் 14 மில்லிமீட்டர் வரைதான். கார் சக்கரத்தின் நட்டோ பெரும்பாலும் 19 அல்லது 21 மில்லிமீட்டர். அதாவது, பஞ்சரான நேரத்தில் 46 துண்டுகளில் ஒன்றுகூடப் பொருந்தாது! பேட்டரி முனையை இறுக்க 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் போதும். இரும்புக்கடையில் தனியாகவே கிடைக்கும்.

பெட்டிக்குக் கொடுக்கும் காசை நீட்டிக்கொள்ளும் கைப்பிடியுள்ள சக்கர ஸ்பேனருக்குக் கொடுங்கள். காரணம், கீழ்ப்படிவ அறிவியலில் நாம் படித்த விசைத் திருப்பம். சிறிய காரின் சக்கர நட்டை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குவார்கள். காருடன் வரும் ஸ்பேனர் 25 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதைத் திருப்ப 400 நியூட்டன் விசை வேண்டும். 40 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். அதே கைப்பிடி 50 சென்டிமீட்டர் என்றால் பாதி விசை போதும். ‘பெண் பிள்ளைகளால் டயர் மாற்ற முடியாது’ என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். பெரும்பாலும் குறைச்சல் கையில் இல்லை, கைப்பிடியின் நீளத்தில்தான்.

அடுத்தது ஜம்பர் கேபிள். மாமா ஒரு மலிவுக் கேபிளை வெட்டிக் காட்டினார். பெருவிரல் தடிமன் இருந்த கேபிளுக்குள் கம்பி, பென்சில் முனை அளவுதான். “இதுல செம்பு எங்கம்மா இருக்கு? ரப்பர்தான் இருக்கு” என்றார். சுரண்டிப் பார்த்தால் மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம்.

படிவம் 5 இயற்பியலில் மின்தடை படித்தவர்கள் இதைக் கணக்கிடலாம். சிறிய எஞ்சினை முடுக்க 150 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். போக ஒன்று, வர ஒன்று எனக் கேபிளின் மொத்த நீளம் 5 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியில் 5 வோல்ட்டுக்கு மேல் வீணாகும். 12 வோல்ட்டில் 5 வோல்ட் போனால் எஞ்சின் முனகுமே தவிர, ஓடாது. மேலே ‘500 ஆம்பியர்’ என்று எழுதியிருப்பதால் உள்ளே செம்பு கூடிவிடாது. கம்பியின் குறுக்குப் பரப்பளவைச் சதுர மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே மெல்லிய கேபிள் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு கார்களையும் இணைத்துவிட்டு, உதவும் காரின் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். குறைந்த மின்னோட்டத்தில் சோர்ந்த பேட்டரி கொஞ்சம் சக்தி பெறும். அதன் பிறகு முடுக்கினால் எஞ்சின் ஓட வாய்ப்புண்டு. இணைக்கும் வரிசையும் முக்கியம். சிவப்பை முதலில் சோர்ந்த பேட்டரியின் நேர்முனையிலும், பிறகு உதவும் பேட்டரியின் நேர்முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்பை உதவும் பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையைச் சோர்ந்த காரின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

மூன்றாவது, 12 வோல்ட் காற்றுப் பம்பு. நம் சாலைக்கு மிகவும் பயன்படுவது இதுதான் என்பேன். டியூப் இல்லாத டயரில் ஆணி குத்தினால் காற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்காமல், காற்றை நிரப்பிக்கொண்டு டயர் கடை வரை போய்விடலாம். இருட்டில் ஜாக்கி போட வேண்டிய நிலை வராது. மலிவுப் பம்பு சீக்கிரம் சூடாகும். ஆகவே, தொடர்ந்து ஓட்டாமல் இடையிடையே நிறுத்த வேண்டும். அது காட்டும் அழுத்தத்தைப் பெட்ரோல் நிலையத்துப் பம்புடன் ஒருமுறை ஒப்பிட்டு, எவ்வளவு வித்தியாசம் என்று குறித்து வையுங்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்திருந்தால் பம்பு உதவாது.

மலிவைத் தேடக் கூடாதவை

ஜாக்கி முதல் இடம். காருடன் வந்த ஜாக்கி நல்ல நிலையில் இருந்தால் புதிதாக வாங்க வேண்டியதே இல்லை. பழைய வண்டி வாங்கியவர்கள் அது இருக்கிறதா, திருகு துருப்பிடிக்காமல் சுழல்கிறதா என்று பாருங்கள். எந்த ஜாக்கியாக இருந்தாலும் அதை மட்டும் நம்பிக் காரின் அடியில் உடம்பை நுழைக்கவே கூடாது.

அடுத்தது எச்சரிக்கை முக்கோணம். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடியில் 25 மீட்டர் கடக்கிறது. முக்கோணத்தை 50 மீட்டர் தள்ளி வைத்தால் அந்த லாரி ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டே வினாடி. பாதுகாப்பாக நடக்க முடிந்தால் இன்னும் தள்ளி வையுங்கள். எடையில்லாத பிளாஸ்டிக் முக்கோணம் முதல் லாரி கிளப்பும் காற்றிலேயே கவிழ்ந்துவிடும். ஐநாவின் 27ஆம் எண் வாகன ஒழுங்குவிதிப்படி சோதிக்கப்பட்டவற்றில், வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தேடி வாங்குங்கள்.

வாய்க்கால் ஓரமாக ஓட்டுபவர்கள் கண்ணாடி உடைக்கும் கருவி வாங்க நினைப்பது நியாயமே. ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க வாகனவோட்டிகள் சங்கம் 2019இல் இப்படிப்பட்ட ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு கருவிகள் சாதாரணப் பக்கக் கண்ணாடியை உடைத்தன. இரண்டு அடுக்காக ஒட்டிய கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. முன்கண்ணாடி அந்த ஒட்டிய வகைதான். ஆகவே, அடிக்க வேண்டியது பக்கக் கண்ணாடியை. கருவி இருக்க வேண்டிய இடம் பின் பூட் அல்ல, ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரம்.

பேட்டரியை முடுக்கும் பவர் பேங்க் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதற்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் நாள் முழுதும் கிடந்தால் அது சீக்கிரம் பலமிழக்கும், ஆபத்தும் உண்டு. பெயர் தெரியாத மலிவு வகையைக் காரில் வைக்காமல் இருப்பதே மேல்.

கையில் ஐம்பது வெள்ளிதான் என்றால்?

என் வரிசை இது: நீளக் கைப்பிடி ஸ்பேனர், தரமான முக்கோணம், மலிவான தலைவிளக்கு. பலகை வீட்டிலேயே கிடைக்கும். அடுத்த மாதம் காசு மிஞ்சினால் காற்றுப் பம்பு. நல்ல கேபிளை நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்றாக வாங்கலாம். கேபிளுக்கு எப்படியும் இன்னொரு கார் பக்கத்தில் வேண்டும், அது பெரும்பாலும் அண்டை வீட்டுக் காராகத்தான் இருக்கும்.

கையில் காசே இல்லை என்றாலும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஓட்டுநர் உரிமத் தேர்வில் யாரும் நம்மை டயர் கழற்றி மாட்டச் சொல்வதில்லை. ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை பகலில், சமமான தரையில், அப்பாவையோ அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி ஏற்றும் முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள். ஒல்லியான தற்காலிக டயர் என்றால் அதற்குச் சாதாரண டயரைவிடக் கூடுதலாக, பொதுவாக 60 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். தம்பி தங்கைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், அடுத்து அந்த வண்டியை ஓட்டப் போகிறவர்கள் அவர்கள்தான்.