ஒற்றை வரிசையின் முடிவு
லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கேர்ணல் எனப்படும் மையக்கூற்றிலே, சேமிப்பகத்துக்கான வேண்டுகோள்கள் நெடுங்காலம் ஒரே வரிசையில், ஒரே பூட்டின் கீழ் நின்றன. செக்கனுக்குச் சில நூறு வேண்டுகோள்களையே நிறைவேற்றவல்ல சுழல்தட்டுக்கு அது போதுமானதாயிருந்தது. இலட்சக்கணக்கில் நிறைவேற்றும் திண்மநிலைச் சேமிப்பகம் தோன்றியதும் அப்பூட்டே தளையாயிற்று. (உற்பத்திச் சக்திகள் பற்றிய வாய்பாடு இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே.) 2014இல் வெளியான 3.13ஆம் பதிப்பு, பழையதை விலக்காமலே, செயலிதோறும் தனிவரிசை அமைக்க வழிசெய்தது.

ஆயின் 2017இல், 4.13ஆம் பதிப்பின் சோதனை நிலையில், ஸ்கசி சாதனங்களுக்கும் அதனையே இயல்பாக்க முயன்றபோது, முன்னர் கருத்திற் கொள்ளப்படாத கணினி அமைப்புகளிற் பின்னடைவுகள் தென்பட்டன. மாற்றத்தை நியாயப்படுத்த முனையாது அதனை மீளப்பெற்றமையே எமது கவனத்துக்குரியது. திருத்தங்களின் பின், 2018இல் 4.19ஆம் பதிப்பிலேயே அது நிலைபெற்றது. பழைய ஒற்றை வரிசை 2019இல் 5.0ஆம் பதிப்போடு நீக்கப்பட்டது.