ஆற்றுச் சேற்றைத் தாங்கி நின்ற காற்று

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவுக்கு நேர் எதிரே, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது ஹோபோக்கன். நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த சின்ன ஊர். நிலப்பரப்பு மூன்றேகால் சதுர கிலோமீட்டர்தான். ஒரு கோடியில் கிளம்பினால் அரை மணி நேரத்தில் மறு கோடிக்கு நடந்துவிடலாம். அதற்குள் சுமார் 60,000 பேர் வசிக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களில் மிகப் பலர் காலையில் ரயிலிலோ பேருந்திலோ படகிலோ ஏறுகிறார்கள். வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருக்கும் அமெரிக்காவில், இந்த விகிதத்தில் ஹோபோக்கனை மிஞ்சிய நகரம் அரிது.

பாத் என்று அழைக்கப்படும் சுரங்க ரயிலில் ஏறினால் பத்து நிமிடத்தில் மன்ஹாட்டன் வந்துவிடும். நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் மனிதர்கள் போக்குவரத்துக்குச் செலவிடுகிறார்கள், நடந்த காலத்திலும் இப்படித்தான், ரயில் வந்த பிறகும் இப்படித்தான் என்று இத்தாலிய இயற்பியலாளர் சீசரே மார்கெட்டி 1994-இல் எழுதினார். அந்தக் கணக்குப்படி, ஓர் ஊர் பெருநகரத்தின் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை நிமிடங்களே சொல்கின்றன. ஹோபோக்கனுக்கும் மன்ஹாட்டனுக்கும் நடுவே உள்ள ஆற்றின் அகலம் ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அதன் அடியில் பாதை போட்டு முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையில் பெரும்பங்கு காற்றுக்கு உண்டு.

முதலில் ஆற்றைச் சொல்ல வேண்டும். ஹட்சன் இங்கே பாதி ஆறு, பாதி கடல். கடலின் ஏற்ற இறக்கம் முகத்துவாரத்திலிருந்து 240 கிலோமீட்டர் வடக்கு வரை தெரியும். பனியூழிக் காலத்தில் பனிப்பாறைகள் தோண்டிய ஆழமான பள்ளத்தாக்கில் பிறகு வண்டல் வந்து நிறைந்தது. அதனால் படுகையில் தோண்டினால் முதலில் கிடைப்பது கெட்டியான பாறை அல்ல, நீர் ஊறிய நுண்மண். கைப்பிடி எடுத்தால் விரலிடுக்கில் வழிந்துவிடும். பாலத்துக்குக் கால் நடுவதென்றால் மிக ஆழம் போக வேண்டும். கப்பல்கள் வேறு இடைவிடாமல் போய்வரும் நீர்வழி.

ஆகவே படகுதான். ஹோபோக்கன் நிலத்தை 1784-இல் ஏலத்தில் வாங்கிய ஜான் ஸ்டீவன்ஸ் ஒரு பொறியாளர். அவருடைய ஜூலியானா என்ற நீராவிப் படகு 1811-இல் இரு கரைகளுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அடுத்த நூறு ஆண்டுகள் அந்த ஊரின் உயிர் படகுத்துறையில்தான் இருந்தது. மூடுபனி இறங்கினாலோ ஆற்றில் பனிக்கட்டி மிதந்தாலோ ஆயிரக்கணக்கானவர்கள் கரையில் காத்துக் கிடப்பார்கள்.

1874-இல் டிவிட் கிளின்டன் ஹாஸ்கின் என்பவர் ஹோபோக்கனை ஒட்டிய ஜெர்சி சிட்டிக் கரையில் குழி வெட்டத் தொடங்கினார். ஒரு ரயில் நிறுவனம் வழக்குப் போட்டதில் வேலை நின்று, 1879-இல்தான் மறுபடி தொடங்கியது. அவருடைய எண்ணம் துணிச்சலானது. சேற்றைத் தாங்க மரமுட்டு வேண்டாம், காற்றே தாங்கும் என்றார். சுரங்கத்தின் வாயை இரும்புக் கதவுகளால் அடைத்து உள்ளே காற்றை அமுக்கிச் செலுத்தினால், வெளியிலிருந்து நெருக்கும் நீரையும் சேற்றையும் அது எதிர்த்து நிறுத்தும். அப்படி நிற்கும்போதே மெல்லிய இரும்புத் தகடுகளைப் பதித்துச் செங்கல் சுவரும் எழுப்பிவிடலாம்.

இது வேலை செய்தது. மண் நின்றது. ஆனால் இந்த முறைக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது, அதைப் புரிந்துகொண்டால் பின்னால் நடந்த எல்லாமே புரியும். நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடும், பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அளவு. ஆறு மீட்டர் உயரமுள்ள குழியின் கூரையை நெருக்கும் அழுத்தத்தைவிடத் தரையை நெருக்கும் அழுத்தம் கணிசமாக அதிகம். உள்ளே இருக்கும் காற்றுக்கோ மேல் கீழ் வேறுபாடு கிடையாது, எங்கும் ஒரே அழுத்தம். தரைக்குப் பொருத்தமாகக் காற்றை ஏற்றினால் கூரைக்கு அது மிகை. சேற்றைத் துளைத்துக்கொண்டு மேலே கிளம்பிவிடும். கூரைக்குப் பொருத்தமாகக் குறைத்தால் தரையிலிருந்து நீர் பொங்கும். நடுவே எங்கோ ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு, கசியும் இடத்தையெல்லாம் களிமண்ணால் அப்பிக்கொண்டே தோண்ட வேண்டும்.

1880 ஜூலை 21 அதிகாலையில் கூரையில் ஓரிடத்தில் காற்று பீறிட்டுக் கிளம்பியது. காற்று போனதும் சேறு இறங்கியது. உள்ளே 28 பேர் இருந்தார்கள். அழுத்தம் குறையாமல் உள்ளும் வெளியும் போய்வர உதவும் காற்றுப்பூட்டறைக்குள் எட்டுப் பேர் நுழைந்துவிட்டார்கள். உள்கதவு முழுக்கச் சாத்த முடியாமல் சிக்கிக்கொண்டது, இடுக்கு வழியே தண்ணீர் வந்தது. வெளிக்கதவையோ அறைக்குள்ளிருந்த அழுத்தம் திறக்கவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தது. மேற்பார்வையாளர் பீட்டர் உட்லண்ட் கதவுக்கு அந்தப் பக்கம், சுரங்கத்துக்குள்ளேயே நின்றிருந்தார். வெளிக்கதவின் வட்டக் கண்ணாடியை உடைக்கும்படி அவர்தான் உள்ளே இருந்தவர்களிடம் சொன்னார். உடைத்தால் அறையின் அழுத்தம் வெளியேறி வெளிக்கதவு திறக்கும். அதே நொடியில் சுரங்கத்தில் மிச்சமிருந்த காற்றும் போய்விடும். அது அவருக்குத் தெரியும். எட்டுப் பேர் பிழைத்தார்கள். உட்லண்டையும் சேர்த்து இருபது பேர் இறந்தார்கள்.

விபத்தில் சாகாதவர்களையும் அந்தக் காற்று விட்டுவைக்கவில்லை. வேலை முடித்து வெளியே வந்த சில மணி நேரத்தில் மூட்டுகளில் தாங்கமுடியாத வலி வரும். சிலருக்குக் கால்கள் விழுந்துவிடும். சிலர் இறந்தார்கள். அழுத்தம் கூடினால் வாயு திரவத்தில் கூடுதலாகக் கரையும். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். மூன்று மடங்கு அழுத்தத்தில் சில மணி நேரம் இருந்தால், இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுவிலும் அது அதற்கேற்பக் கரைந்து நிற்கும். சட்டென்று வெளியே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டில் போல உடம்புக்குள்ளேயே குமிழிகள் கிளம்பும். குமிழி மூட்டில் தங்கினால் வலி, தண்டுவடத்தில் தங்கினால் வாதம். பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் இதை 1878-லேயே நூலாக எழுதிவிட்டார். மன்ஹாட்டனின் மறுபுறம் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கும் இந்த நோயால்தான் படுக்கையில் விழுந்தார். அறிவு இருந்தும் அது சேற்றில் நின்று மண் வெட்டியவர்களிடம் வந்து சேரவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

கொண்டுவந்து சேர்த்தவர் எர்னஸ்ட் வில்லியம் மோயிர். 1889-இல் பியர்சன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வேலையை ஏற்றபோது வந்த இளம் பொறியாளர். அவர் வந்தபோது, வேலைசெய்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து பேர் என்ற கணக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். மோயிர் தரைமேல் ஓர் இரும்புருளை அறையைச் செய்துவைத்தார். நோய் கண்டவரை உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தத்தை மறுபடி ஏற்றினால் குமிழிகள் சுருங்கிக் கரையும், வலி போய்விடும். பிறகு மெல்ல மெல்ல அழுத்தத்தை இறக்கினால் நைட்ரஜன் குமிழியாகாமல் மூச்சு வழியே வெளியேறும். அடுத்த பதினைந்து மாதங்களில் 120 பேரில் இறந்தவர்கள் இருவர். ஆழ்கடல் மூழ்குவோருக்கு இன்று தரப்படும் சிகிச்சையும் அடிப்படையில் இதுவேதான்.

பணம் தீர்ந்து 1891-இல் வேலை மறுபடி நின்றது. பத்தாண்டுகளுக்கு மேல் பாதிச் சுரங்கம் நீரில் கிடந்தது. 1902-இல் வில்லியம் மெக்காடூ என்ற வழக்கறிஞர் அதைக் கையில் எடுத்தார். அவருடைய தலைமைப் பொறியாளர் சார்லஸ் ஜேக்கப்ஸ், முன்னால் இரும்புக் கேடயத்தை நிறுத்தி ஹைட்ராலிக் ஜாக்கிகளால் அதைச் சேற்றுக்குள் தள்ளிக்கொண்டே போனார். கேடயத்தின் கதவுகளை மூடிவைத்துத் தள்ளினால் சேறு தானாக விலகி வழிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் கீழே பாறை, மேலே சேறு. பாறைக்கு வெடி வைக்க வேண்டும், வைத்தால் மேலே இருக்கும் சேறு கொட்டிவிடும். ஜேக்கப்ஸ் மண்ணெண்ணெய்ச் சுடர்க்குழாய்களைக் கொண்டுவந்து மணிக்கணக்கில் சேற்றைச் சுட்டார். மேல்பகுதி செங்கல் சூளையில் வெந்த மண்ணாய் இறுகியது. அதன் கீழே பாறையை உடைத்து முன்னேறினார்கள். ஆற்றின் அடியில், அமுக்கிய காற்றுக்குள், நெருப்பு வைத்து ஆற்றுப்படுகையை வேகவைத்த அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1908 பிப்ரவரி 25 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் பொத்தானை அழுத்த, சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. முதல் ரயில் மன்ஹாட்டனிலிருந்து ஹோபோக்கனுக்கு ஓடியது. ஒரு தண்டவாளத்துக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக அமைத்ததற்கும் காரணம் காற்றுதான். குறுகலான குழாயில் ஓடும் ரயில் முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும், பின்னால் புதுக்காற்றை இழுக்கும். வண்டி ஓடினாலே சுரங்கம் மூச்சுவிடும். நடைமேடையில் நிற்பவர் முகத்தில், ரயில் கண்ணில் படுவதற்கு முன்பே காற்று வந்து மோதும். அதே 1908-இல்தான் உடலியலாளர் ஜான் ஹால்டேனும் அவருடைய சகாக்களும், அழுத்தத்திலிருந்து படிப்படியாக வெளியேறுவதற்கான நேர அட்டவணையை வெளியிட்டார்கள்.

ஊருக்கு அப்போது பெரிய காலம். முந்தைய ஆண்டுதான் செப்புத் தகட்டு முகப்பும் டிஃபானி வண்ணக் கண்ணாடிக் கூரையுமாகப் புது ரயில் நிலையம் திறந்திருந்தது. 1910 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 70,324. ஆனால் அவர்களில் பலர் உள்ளூர்த் துறைமுகத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்கள். கன்டெய்னர் கப்பல்கள் வந்ததும் சரக்கு தெற்கே நியூவார்க், எலிசபெத் துறைகளுக்குப் போய்விட்டது. 1990-இல் மிஞ்சியவர்கள் 33,397 பேர். அதற்குள் மன்ஹாட்டன் வாடகை உயர்ந்திருந்தது, ஆற்றுக்கு அப்பால் பத்து நிமிடத்தில் ஒரு பழைய ஊர் இருப்பதைப் பலர் கண்டுகொண்டார்கள். ஊர் மீண்டது என்று இதைச் சொல்வார்கள். அதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் ஏழை வாடகைதாரர்கள் குடியிருந்த கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. பல இடங்களில் தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். இன்று அந்தத் தெருக்களிலிருந்துதான் அலுவலகக் கூட்டம் ரயிலடிக்கு நடக்கிறது. நியூ ஜெர்சித் தமிழர்களும் அந்த ரயில்களில் இருக்கிறார்கள்.

நடக்கிறது என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். இவ்வளவு பேர் நடக்கும் ஊரில், தெருமுனைகளில் கார் நிறுத்தத் தடைவிதித்து, கடப்பவரும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்க்க வழிசெய்தார்கள். 2017 ஜனவரிக்குப் பின் வந்த ஏழு ஆண்டுகளில் அந்த ஊரில் சாலை விபத்து மரணம் ஒன்றுகூட நேரவில்லை.

நீர் மட்டும் விடவில்லை. ஊரின் கிழக்கே காசில் பாயிண்ட் என்ற பச்சைநிறப் பாறைமேடு, மேற்கே தூர்த்த சதுப்பு. முன்காலத்தில் கடல் ஏறும்போது ஊரே தீவாகிவிடும். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயலில் கடல் வடக்கிலும் தெற்கிலும் நுழைந்து அந்தத் தாழ்ந்த மேற்குப் பகுதியை நிரப்பியது. 50 கோடி கேலன், அதாவது 189 கோடி லிட்டர் அளவு. ரயில் நிலையத்தின் மின்தூக்கிக் கதவுகளைப் பிளந்துகொண்டு தண்ணீர் கொட்டியதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. ஹோபோக்கன் நிலையம் டிசம்பர் 19 அன்றுதான் மீண்டும் திறந்தது.

புயல் இல்லாத நாளிலும் தொல்லை உண்டு. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய அமைப்பு. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கனமழை பெய்தால் குழாயின் வாய் ஆற்றுமட்டத்துக்குக் கீழே இருக்கும், தண்ணீர் வெளியேறாது. அதனால் தேக்கிவைக்கிறார்கள். 2023-இல் ஊரின் வடமேற்கே ஐந்து ஏக்கரில் திறந்த பூங்காவில், விளையாட்டுத் திடலுக்கு அடியிலும் மேலுமாக 75 லட்சம் லிட்டர் நீர் தங்கும். கடல் இறங்கிய பிறகு மெல்ல வெளியேற்றுவார்கள். கடற்பெருக்கைத் தடுக்க இது போதாது. அதற்காகச் சுவர்களும் வெள்ளக் கதவுகளும் தனியே திட்டமிடப்பட்டு எழுகின்றன.

ஹட்சனுக்கு அடியில் இப்போது இன்னொரு ஜோடி ரயில் சுரங்கம் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஹோபோக்கனின் வடக்கு எல்லையில் அதற்கான காற்றோட்டக் குழி அமையும். மன்ஹாட்டன் கரையருகே பாதை படுகைக்குச் சற்றே கீழே போவதால், தோண்டும் இயந்திரத்தின் அழுத்தத்தை அடக்கிப்பிடிக்க மேலே போதிய மண் இல்லை. ஹாஸ்கினுக்கு வந்த அதே தொல்லைதான். 2024-இல் அந்த இடத்தில் சேற்றோடு சிமென்ட் கலந்து படுகையை இறுக்கத் தொடங்கினார்கள். இத்தகைய சுரங்கங்களில் இப்போது ஆட்கள் நாள் முழுக்க அமுக்கிய காற்றில் நிற்பதில்லை. இயந்திரத்தின் வெட்டுமுகப்பைப் பழுதுபார்க்கும்போது மட்டும் அதற்குள் போகிறார்கள். அப்படிப் போகுமிடத்தில், மோயிர் செய்துவைத்ததைப் போன்ற மருத்துவ அறை ஒன்றைத் தயாராக வைத்திருப்பது வழக்கம்.