கோணமலை விளிம்பில் ஒரு காலை

ஓர் ஊரைப் பற்றிப் பல ஆண்டுகள் படித்தும், படித்ததை மாணவர்க்கு எடுத்துரைத்தும் வந்த ஒருவர், அவ்வூரிற் பிறந்து வளர்ந்த ஒருவரின் அடிச்சுவட்டைப் பின்பற்றி இரண்டு மணி நேரம் நடந்து பார்ப்பாராயின், தாம் அறியாதவை எத்துணை என்பதை நன்கு உணர்ந்துகொள்வார். சென்ற சித்திரை விடுமுறையில், எமது கல்லூரி மேல்வகுப்பு மாணவர் இருபத்திருவருடன் திருக்கோணமலைக்குச் சென்றபோது இவ்வுண்மையை நாம் நேரிற் கண்டோம். அன்றைய அனுபவத்தை வாசகர்களோடு, சிறப்பாக மாணவச் செல்வங்களோடு, பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அவ்வூர் நண்பர் ஒருவர் எமக்கு வழிகாட்டியாக ஒரு முதியவரை ஒழுங்கு செய்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. நாற்பது ஆண்டுகள் கடற்றொழில் செய்து காய்த்துப்போன கைகள். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரம். மாணவர்கள் அவரை முதலில் 'ஐயா' என்றழைத்தனர். கால் மணி நேரத்துக்குள் அவர் எல்லோர்க்கும் 'அப்பு' ஆகிவிட்டார்.

மூன்று கட்டளைகள்

காலை ஆறரை மணிக்குக் கோட்டை வாசலிற் கூடினோம். உள்ளே நுழையுமுன் அப்பு மூன்று கட்டளைகள் இட்டார். "ஒருவரும் எனக்கு முன்னே போகக்கூடாது. நடக்கும்போது பாராதீர்கள், பார்க்கும்போது நடவாதீர்கள். கடல் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று படம் எடுக்காதீர்கள். இவ்வளவுதான் பிள்ளைகளே."

அத்துடன் அவர் நிற்கவில்லை. ஒரு மாணவனின் கையிலிருந்த தாளை வாங்கி உயர்த்திப் பிடித்தார். தாள் கடலை நோக்கிப் பறந்தாடியது. "காலையிலே காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். மலையுச்சியிலே நிற்கிறவனை அது முதுகிலே தள்ளும். மத்தியானத்துக்குப் பிறகு திரும்பிவிடும்" என்றார். இரவில் நிலம் கடலினும் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகின்றது என்று நாம் புவியியற் பாடத்தில் எத்தனையோ முறை கரும்பலகையிற் படம் வரைந்து காட்டியதுண்டு. அவ்வம்புக்குறிகள் மனிதனொருவனின் முதுகைத் தள்ளக்கூடியவை என்பது அன்றுவரை எமக்குத் தோன்றியதில்லை.

கோட்டை வாயிற் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ள இரட்டைக் கயற் சின்னத்தை மாணவர்க்குக் காட்டினோம். பாண்டியரின் இலச்சினையாகிய அம்மீன்களும், அவற்றோடு காணப்படும் சிதைந்த தமிழ்ச் சாசனமும், கோட்டை எக்கற்களாற் கட்டப்பட்டதென்பதைச் சொல்லாமற் சொல்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரால் தேவாரப் பதிகம் பாடப்பெற்ற கோணேசர் திருக்கோயிலை, 1622ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடித்துத் தகர்த்தான். அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பப்பட்டது. 1639இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1803இல் இட்ட பெயரே இன்றுவரை வழங்கும் பிரெடெரிக் கோட்டை என்பது.

ஏறுபாதையின் இருமருங்கும் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்ந்துகொண்டிருந்தன. வடக்கே உப்புவெளிப் பக்கமாக வளைந்து செல்லும் வெண்மணற் கரையையும், தெற்கே மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவையும் அப்பு சுட்டிக் காட்டினார். காட்டும் ஒவ்வொரு தடவையும் தாம் முதலில் நின்று, எம்மையும் நிற்கச் செய்த பின்னரே கையை நீட்டினார்.

தூணும் கதையும்

மலையுச்சியை அண்மித்தபோது ஒல்லாந்தர் காலத்துத் தூணொன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. காதலன் கப்பலேறிச் செல்வதைக் கண்டு மனமுடைந்த ஒல்லாந்தப் பெண்ணொருத்தி இம்மலையிலிருந்து கடலிற் பாய்ந்து உயிர்நீத்தாள் என்றும், அவள் நினைவாகவே அத்தூண் நாட்டப்பெற்றது என்றும் அப்பு உருக்கமாகச் சொல்லி முடித்தார். மாணவர்கள் மூச்சடங்கிக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

ஆசிரியத் தொழில் எம்மைச் சும்மா இருக்க விடவில்லை. தூணிற் பெயர் பொறிக்கப்பட்டுள்ள பிரான்சினா வான் றீட் என்னும் பெண், கேரளத்து மூலிகைகளைப் பன்னிரண்டு பாகங்களில் விவரிக்கும் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்த வான் றீட் பிரபுவின் வளர்ப்பு மகள் என்பதையும், தூணிலுள்ள ஆண்டு 1687 என்பதையும், அதன் பின்னரும் அவர் உயிர்வாழ்ந்து மணமுடித்தமைக்குப் பழைய பதிவுகள் உண்டு என்பதையும், ஆகவே கதை வெறுங்கதையே என்பதையும் மாணவர் முன்னிலையில் நாம் எடுத்துரைத்தோம். சொல்லி முடித்த பின்னரே, ஒரு முதியவரைப் பிள்ளைகள் முன்னே திருத்திய பிழை எமக்கு உறைத்தது.

அப்புவின் முகம் வாடவில்லை. "அந்தப் பிள்ளை தப்பியிருந்தாள் என்பது நல்ல செய்தி, வாத்தியார் ஐயா. எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர் என் அப்பன். அவரும் இந்த இடத்திலே நிற்பாட்டித்தான் சொன்னார். இதைக் கேட்ட பிறகு ஒரு பிள்ளையும் விளிம்புக்கு ஓடினதை நான் கண்டதில்லை" என்றார்.

நாம் வாய்மூடி நின்றோம். கதையின் உண்மை பொய்களை ஆராய்ந்த எமக்கு, அக்கதை அவ்விடத்தில் வேலியாக நின்று காத்துவந்தது தெரியவில்லை.

ஒரு நிமிடம்

கோயிலிற் காலைப் பூசை கண்டு தரிசித்தோம். பிள்ளைவரம் வேண்டுவோர் சிறு தொட்டில்களைக் கட்டியுள்ள மரத்தையும், இராவணன் தன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் பாறைப் பிளவையும் கண்டோம். பிளவின் கீழே, முந்நூறு அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில், நீலக்கடல் அடிப்பாறையில் மோதி நுரைத்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில், பாதையோரத்துத் தாழ்ந்த மதிலருகே சற்று இளைப்பாறினோம். 1950ஆம் ஆண்டிற் கிணறு வெட்டுகையில் இவ்வூரிற் கிடைத்த தெய்வத் திருவுருவங்களைப் பற்றியும், 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இம்மலையடிவாரக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் செதுக்கிய கற்களைக் கண்டமை பற்றியும், புனருத்தாரணம் பெற்ற கோயிலுக்கு 1963இற் கும்பாபிஷேகம் நிகழ்ந்தமை பற்றியும் நாம் விரிவுரை ஆற்றத் தொடங்கினோம். அவ்வேளையில் தொலைவிலே நீர்த்தூவானம் ஒன்று எழுந்தது. "திமிங்கிலம்!" என்று யாரோ கூவினர்.

திருக்கோணமலைக் கடலில் இஃது அரிய காட்சியன்று. கரைக்கு வெகு அண்மையிலேயே கடலடித்தரை ஆழ்ந்த பள்ளத்தாக்காக ஆயிரக்கணக்கான அடி இறங்குவதால், ஆழ்கடலுக்குரிய நீலத்திமிங்கிலங்களும் கரையோரமாக வருகின்றன. உலகில் வாழும் உயிரினங்களுள் மிகப் பெரியதாகிய அதனைத் தரையில் நின்றவாறே காணக்கூடிய இடங்கள் சிலவே. அவற்றுள் இம்மலையும் ஒன்று.

எல்லோர் கண்களும் கடலை நாடிய அக்கணத்தில், ஒரு மாணவன் கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கும் ஆவலில் மதிலைத் தாண்டிவிட்டான். அப்பால் இருந்தது காய்ந்த புல்லும் சரளைக்கல்லும் நிறைந்த சரிவு. அவன் தேய்ந்த றப்பர்ச் செருப்பு அணிந்திருந்தான். நாம் காணும்போது அவனுடைய ஒரு கால் வழுக்கி, சிறு கற்கள் உருண்டு விளிம்புக்கு அப்பால் மறைந்தன.

அவன் பெயரைச் சொல்லிக் கத்துவதற்கு வாயெடுத்தோம். அப்புவின் காய்ந்த கை எம் மார்பின்மேல் அழுந்தியது. அவர் கத்தவில்லை, ஓடவும் இல்லை. மதிலருகே தாம் மெதுவாகக் குந்திக்கொண்டு, வீட்டுத் திண்ணையிற் பேசுவதுபோலச் சொன்னார்: "தம்பி, உதிலே குந்து."

பையன் குந்தினான்.

"கடலைப் பார்த்தபடியே இரு. திரும்பாதே. கையைப் பின்னுக்கு ஊன்று. இனி இருந்தபடியே பின்னுக்கு அரக்கு. மெல்ல, மெல்ல. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை."

ஐந்து முழத் தூரம். அதனைக் கடக்க அவனுக்கு ஒரு நிமிடம் சென்றிருக்கலாம்; எமக்கு அது ஒரு யுகமாகத் தோன்றியது. கைக்கெட்டியதும் அப்பு அவன் சட்டைக் கழுத்தைப் பற்றி மதிலுக்கு இப்பால் இழுத்து விட்டார். அவனை ஏசவில்லை. தம் போத்தல் தண்ணீரை அவனிடம் நீட்டினார்.

பின்னர் எம்மிடம் தாழ்ந்த குரலிற் சொன்னார்: "கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பான், ஐயா. திரும்புகிற அந்த நேரத்திலேதான் கால் போகும்."

அன்று நாம் கத்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணும்போது இன்றும் எம் நெஞ்சு நடுங்குகின்றது. இருபத்திரண்டு பெற்றோர் தம் மக்களை எம்மை நம்பி அனுப்பியிருந்தனர். வாசலில் நாம் தலைகளை எண்ணியது உண்மை. ஆனால் ஆபத்தான இடத்தில், கண்களை மாணவர்மேல் வைக்காது, நாவை வரலாற்றின்மேல் வைத்திருந்தோம். குற்றம் அப்பிள்ளையினுடையது மாத்திரமன்று. ஊருக்குத் திரும்பியதும் அவன் பெற்றோரைக் கண்டு, நடந்ததை மறையாது கூறினோம். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்தப் பெரியவருக்கு வேட்டி வாங்கி அனுப்ப வேண்டும், விலாசம் தாருங்கள்" என்றார்.

பயணஞ் செல்வோர்க்கு

மலைமுகடும் கடலோரமும் காணச் செல்வோர்க்கு ஒரு வார்த்தை. ஊர் அறிந்த வழிகாட்டி ஒருவரைத் துணைக்கொள்ளுங்கள். கொடுக்கும் கூலியிற் பேரம் பேசாதீர்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். பிடிப்புள்ள காலணி அணியுங்கள். மதிலும் வேலியும் இருக்குமிடத்தில் அவற்றுக்கு இப்பாலே நில்லுங்கள்; படம் ஒன்று குறைந்தால் குறையட்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், விளிம்பருகே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

விடைபெறும்போது அப்பு மாணவர்களிடம், "திமிங்கிலத்தை வடிவாகப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் அது ஆழத்துக்குப் போய்விட்டது. "பரவாயில்லை, அது திரும்பவும் வரும். நீங்களும் வாருங்கள்" என்று சொல்லி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கடற்கரைப் பக்கமாக நடந்தார்.

இப்போதும் வகுப்பில் அத்தூணைப் பற்றிப் பேச நேர்ந்தால், 1687ஆம் ஆண்டையும் பழைய பதிவுகளையும் முன்போலவே சொல்கின்றோம். ஆனால் அதற்கு முன்னதாக, அப்புவின் கதையை முழுவதும் சொல்லிவிடுகின்றோம்.