பின்வரிசையில் நின்ற கிதார்

ராக் இசையில் ரசிகரின் கண்கள் முன்னணிக் கிதார் வாசிப்பவர் மீதே படிகின்றன. ஆயினும் பாட்டைத் தாங்குவது தாளக் கிதார் வாசிப்பவரின் கையே. இதற்கு மால்கம் யங் நல்ல சான்று.

1953-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர் அவர். 1963-இல் அவர் குடும்பம் நல்வாழ்வு நாடி ஆஸ்திரேலியாவின் சிட்னியில் குடியேறியது. அங்கே 1973-இல் தம்பி ஆங்கஸுடன் ஏசி/டிசி குழுவைத் தொடங்கினார்.

தம்பி பள்ளிச் சீருடையில் மேடையெங்கும் துள்ளினார். அண்ணனோ டிரம் வாசிப்பவர் அருகிலேயே நின்றார். சேர்ந்து பாடும் அடி வந்தால் மட்டும் மைக்கருகே வருவார். பாடியதும் பழைய இடத்திற்கே திரும்புவார்.

அவர் கிதாரில் தடித்த கம்பிகள். அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கழற்றிவிட்டார். ஒலியை மிகையாகக் கரகரக்க விடாமல், எளிய ஸ்வரக் கூட்டுகளைத் தெளிவாக முழங்கச் செய்தார். இரு வீச்சுகளுக்கு நடுவே விட்ட மௌனமும் அவருக்குத் தாளமே.

பிற்காலத்தில் மறதி நோய் பற்றியது. தாம் இயற்றிய பாடல்களையே மீண்டும் பயின்று மேடையேறினார். 2014-இல் விலகினார், 2017-இல் மறைந்தார். அவர் இடத்தில் நின்று வாசித்தவர் அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி. குடும்பத்தின் தாளம் குடும்பத்திலேயே தொடர்ந்தது.