யார் சொன்னது? எங்கே நடந்தது?



ஒருவன் காக்கை நிறத்தில் வாந்தி எடுத்தானாம். நாலு வாய் மாறி ஊர்க்கோடிக்குப் போனபோது, "அவன் காக்கா காக்காவா வாந்தி எடுத்தானாம்!" என்று ஆகிவிட்டது. கேட்டால் சிரிப்பு வருகிறது. குழந்தையின் தடுப்பூசி விஷயத்தில் இதே கதை நடந்தால் சிரிக்க முடியுமா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. "ஊசி ஆபத்து, போடாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. பெற்றோர் பலர் பயந்து பின்வாங்கினர். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இதில் நஷ்டம் யாருக்கு? கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால், வயிற்றிலுள்ள பிள்ளைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு ஏற்படலாம். இன்றைய சிறுமிதான் நாளைய தாய்.

வதந்தி எப்படிப் பிறக்கிறது?

ஊசி போட்டபின் சில குழந்தைகளுக்கு வலியும் லேசான காய்ச்சலும் வருவது உண்டு. அது தானே சரியாகிவிடும். அந்தக் காய்ச்சல்தான் வாய்க்கு வாய் மாறிக் 'காக்கா' ஆகிறது!

செய்தி வந்தால் என்ன செய்வது?

1. "உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேளுங்கள். "அக்கா சொன்னாங்க" என்றால் அக்காவிடம் கேளுங்கள். "மச்சான் போன்ல அனுப்பினார்" என்றால் அவரிடமும் கேளுங்கள். நேரில் பார்த்தவர் ஒருவராவது இருக்கிறாரா?

2. எந்த ஊர், என்ன தேதி, எந்த ஆஸ்பத்திரி? மூன்றும் இல்லையென்றால் நம்பாதீர்கள்.

3. வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவர் எழுதியதல்ல.

4. கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ காட்டிக் கேளுங்கள். 104-க்கும் போன் செய்யலாம்.

5. விவரம் தெரியும்வரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

சந்தேகப்படுவது தப்பில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து கேளுங்கள். அதற்காக ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி.

தீர விசாரிப்பதே மெய்!